லேப் எண் இறங்கிவிட்டது, சரி. ஆளுக்கு என்ன ஆனது?

இரண்டாமாண்டு_பிஜி கேட்டது:

வணக்கம். பொது மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் ஜர்னல் கிளப்பில் என் முறை வந்தது, ஒரு சர்க்கரை மருந்து பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டு போனேன். ஆறு மாத ஆய்வு. மருந்து எடுத்தவர்களுக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நன்றாக இறங்கியிருந்தது, பிளாசிபோ என்ற வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு இறங்கவில்லை, பி மதிப்பும் மிகச் சிறியது, அதாவது தற்செயலாக வந்த வித்தியாசம் போலத் தெரியவில்லை. வரைபடம் எல்லாம் போட்டு விளக்கி முடித்தேன். கடைசி ஸ்லைடு போனதும் பேராசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: "எண் இறங்கிடுச்சு, சரிம்மா. ஆளுக்கு என்ன ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டுரையை மறுபடி முழுக்கப் படித்தேன், அதிலும் பதில் இல்லை. எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது, எத்தனை பேருக்குக் கண் போனது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எதுவுமே பேசும் அளவுக்கு அந்த ஆய்வு பெரிதாகவும் இல்லை, நீண்டதாகவும் இல்லை.

அதிலிருந்து மனதில் இதே ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தத் துறைக்குப் போனாலும் அவர்களுக்கென்று ஒரு எண் இருக்கிறது. இதயத்துக்குக் கொழுப்பு, எலும்புக்கு அடர்த்தி, கண்ணுக்கு அழுத்தம், புற்றுநோய்க்கு ஸ்கேனில் கட்டியின் அளவு, மனநலத்துக்குக் கேள்வித்தாள் மதிப்பெண். இதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது? துறைவாரியாக அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வார்டில் 78 வயது தாத்தா ஒருவர் நேற்றுக் கேட்டார், "சுகர் இறங்கிட்டா எனக்கு ஹார்ட் அட்டாக் வராதுல்ல?" அவருக்கும் பதில் சொல்ல முடியாமல் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

---

இரவு_டியூட்டி:

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். உங்கள் பேராசிரியர் கேட்டது இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதைக் கேட்காமல் விட்டு நாங்கள் என்னென்ன செய்தோம் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1980களில் மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவர்களுக்கு ஈசிஜியில் கூடுதல் துடிப்புகள் தெரிந்தால் எல்லோருக்கும் பயம். அந்தத் துடிப்புகள் உள்ளவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்பது உண்மைதான். அப்படியானால் துடிப்புகளை அடக்கிவிட்டால் சாவும் குறையும் என்று நினைத்தார்கள், மருந்தும் எழுதினார்கள். என்கைனைடு, ஃபிளிகைனைடு இரண்டும் அந்தத் துடிப்புகளை அழகாக அடக்கும், ஈசிஜி சுத்தமாகிவிடும். அப்புறம்தான் காஸ்ட் என்ற ஆய்வு வந்தது. முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்துப் பார்த்து, யாருக்குத் துடிப்பு உண்மையிலேயே அடங்கியதோ அவர்களை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து, ஒரு பாதிக்குப் பிளாசிபோ. அதாவது மருந்து "வேலை செய்த" ஆட்கள் மட்டும்தான் ஆய்வுக்குள்ளேயே வந்தார்கள். 1989-ல் வந்த முதல் அறிக்கைப்படி சராசரியாகப் பத்து மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 7.7 சதவீதம் பேர் இறந்தார்கள், பிளாசிபோவில் 3.0 சதவீதம். எண் சரியானவர்கள்தான் இரண்டு மடங்குக்கும் மேலாக இறந்தார்கள். அந்த மருந்துகளை எழுதிய டாக்டர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு நோயாளியின் ஈசிஜியையும் பார்த்து நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியவர்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் எங்கள் வார்டிலேயே உண்டு, அதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று தள்ளுவது? நிறையத் தள்ளினால் ரத்த ஆக்சிஜன் நன்றாக இருக்கும், அதனால் உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 12 மில்லி வரைகூடத் தள்ளுவது வழக்கமாக இருந்தது. 2000-ல் வெளியான ஒரு ஆய்வில் 861 பேரைப் பிரித்து 12 மில்லியையும் 6 மில்லியையும் ஒப்பிட்டார்கள். 6 மில்லி பிரிவில் முதல் நாட்களில் ஆக்சிஜன் அளவு மோசமாகத்தான் இருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் 12 மில்லிதான் நல்லது என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் இறப்பு 12 மில்லியில் 39.8 சதவீதம், 6 மில்லியில் 31.0 சதவீதம். அதிகக் காற்று நுரையீரலை விரித்து விரித்துக் கிழித்துக்கொண்டிருந்தது, நாங்கள் மானிட்டரில் ஆக்சிஜனைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சர்க்கரையிலும் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. 2001-ல் பெல்ஜியத்தில் ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வில், அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை 80-110-க்குள் வைத்தால் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது என்று வந்தது. உலகம் முழுக்க எல்லோரும் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தோம், நானும்தான். 2009-ல் நைஸ்-ஷுகர் ஆய்வு, பல மருத்துவமனைகள், 6,104 பேர். இறுக்கிப் பிடித்த பிரிவில் 90 நாளில் 27.5 சதவீதம் இறப்பு, தளர்வாக விட்ட பிரிவில் 24.9. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோனதும் இறுக்கிய பிரிவில் பல மடங்கு அதிகம். அன்றிலிருந்து ஒரே இடத்தில் நடந்த ஒரு ஆய்வை வைத்து எதையும் மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

---

வைரஸ்_வார்டு:

இரவு டியூட்டி சார் சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை, ஆனால் படிப்பவர்கள் "எண்களே பொய்" என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் ஹெச்ஐவி பக்கம் இருப்பவன். எங்கள் நோயாளிகளிடம் "ஐந்து வருடம் பொறுங்கள், யார் இறக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு மருந்தை அனுமதிக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் அவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். 1992-ல் மருந்துகளை அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ விரைவு அனுமதி என்ற வழியைத் திறந்ததே பெரும்பாலும் அந்த நெருக்கடியால்தான். நியாயமாக இறுதி விளைவை முன்கூட்டியே காட்டக்கூடிய ஒரு எண் இருந்தால் அதை வைத்து இப்போதைக்கு அனுமதி, பிறகு முழு ஆய்வை முடித்துக் காட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு. 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்து வைரஸ் அளவு அடங்க ஆரம்பித்ததும் ஆட்கள் சாவதும் குறைந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். இன்று ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கினால் அது ஆளுக்கும் நல்லது, அவருடைய துணைக்கும் தொற்றாது. அந்த எண்ணை நான் முழுசாக நம்புகிறேன்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், எங்கள் துறையிலேயே இன்னொரு எண் எங்களைக் கைவிட்டது. 1994-ல் வெளியான கான்கார்ட் ஆய்வில் அறிகுறி இல்லாதவர்களுக்கு ஜிடோவுடின் மாத்திரையை உடனே ஆரம்பித்த பிரிவில் சிடி4 செல்கள் (ஹெச்ஐவி அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்) கூடுதலாகவே இருந்தன, ஆனால் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. அதே நோய், இரண்டு எண்கள், ஒன்று ஏமாற்றியது, ஒன்று கைகொடுத்தது. ஏன் என்று புள்ளியியல் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

---

எண்ணும்_எழுத்தும்:

புள்ளியியல் ஆள் இங்கே இருக்கிறேன். மருத்துவர் இல்லை, ஆய்வுக் குழுக்களில் கணக்குப் பார்ப்பது என் வேலை.

நீங்கள் எல்லோரும் பேசுவதற்குப் பெயர் சரோகேட், தமிழில் பதிலி என்று சொல்லலாம். நோயாளிக்கு நேரடியாக முக்கியமானது என்ன? உயிரோடு இருப்பது, பார்ப்பது, நடப்பது, வலி இல்லாமல் இருப்பது. இதை அளக்க வருடக்கணக்காகும், ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும், அதனால் அதற்குப் பதிலாக வேறொன்றை அளக்கிறோம். அதில் தப்பில்லை. தப்பு எங்கே வருகிறது என்றால், "எண் மோசமாக இருப்பவர்கள் அதிகம் சாகிறார்கள்" என்பதிலிருந்து "எண்ணைச் சரிசெய்தால் சாவு குறையும்" என்று தாவுகிறோமே, அங்கே. சுவரில் ஈரக்கறை உள்ள வீடுகள்தான் சீக்கிரம் இடிகின்றன என்பது உண்மையாக இருக்கலாம், அதற்காகக் கறைமேல் சுண்ணாம்பு அடித்தால் வீடு நிற்குமா?

1989-ல் ராஸ் பிரென்டிஸ் என்ற புள்ளியியலாளர் இதற்கு ஒரு கடுமையான நிபந்தனை வைத்தார். எளிமையாகச் சொன்னால், சிகிச்சையின் முழுப் பலனும் அந்த எண் வழியாகவே போக வேண்டும். எண்ணைத் தாண்டி வேறு வழியில் மருந்து எதுவும் செய்யக்கூடாது. எந்த மருந்து அப்படி ஒரே வழியில் போகும்? உடம்புக்குள் போன மருந்து பத்து இடத்தைத் தொடுகிறது. அதனால்தான் இந்த நிபந்தனையை முழுசாக நிறைவேற்றும் பதிலி கிடைப்பது அபூர்வம்.

டோர்செட்ராபிப் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கொழுப்பு என்று சொல்லும் ஹெச்டிஎல்லை 72 சதவீதம் உயர்த்தியது, கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல்லையும் கால் பங்கு குறைத்தது. எண்ணை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல மருந்து இருக்க முடியாது. சுமார் 15,000 பேரிடம் நடந்த ஆய்வை 2006 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்துப் பிரிவில் 93 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 59. அதே மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தது, ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனையும் தூண்டிக்கொண்டிருந்தது. கொழுப்பு எண் அதையெல்லாம் எப்படிச் சொல்லும்? இதற்குப் பக்கத்தில் 1994-ல் வந்த 4எஸ் ஆய்வை வையுங்கள். இதய நோய் உள்ள 4,444 பேர், ஸ்டாடின் வகைக் கொழுப்பு மருந்தான சிம்வாஸ்டாடின், ஐந்து வருடத்துக்கு மேல். பிளாசிபோவில் 256 பேர் இறந்தார்கள், மருந்தில் 182. இங்கே எல்டிஎல் இறங்கியது, ஆளும் பிழைத்தார். அதனால்தான் நாம் ஸ்டாடினை நம்புகிறோம். கொழுப்பு இறங்கியதற்காக இல்லை, 256-க்கும் 182-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக.

அதனால் எந்த எண்ணை நம்பலாம் என்று துறைவாரியாகப் பட்டியல் கேட்டால் என்னால் தர முடியாது. ஒரு எண்ணை மட்டும் தனியாக எடுத்து நம்பலாம், நம்பக்கூடாது என்று சொல்லவே முடியாது. எந்த மருந்து வகை, எந்த நோய், எந்த மாதிரி ஆட்கள் என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சிடி4 கேள்விக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். ஒற்றை மருந்து வைரஸைக் கொஞ்ச காலம் தட்டி வைத்தது, எண் ஏறியது, வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொண்டது. கூட்டு மருந்து வேரையே அமுக்கியது.

---

எலும்பு_மூட்டு:

மேலே சொன்னதற்கு எங்கள் துறையிலிருந்து ஒரு உதாரணம், சுருக்கமாக. மாதவிடாய் நின்ற, எலும்பு தேய்ந்த 202 பெண்களுக்கு ஃபுளோரைடு கொடுத்த ஆய்வு 1990-ல் வெளியானது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. இவ்வளவு ஏற்றும் மருந்து அபூர்வம். ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை, கை கால் போன்ற மற்ற இடங்களில் முறிவு அதிகமாகிவிட்டது. எலும்பு கெட்டியானது, ஆனால் பலமில்லாத, நொறுங்கும் எலும்பு. அலென்ட்ரோனேட் அடர்த்தியை அந்த அளவுக்கு ஏற்றுவதில்லை, 1996-ல் வெளியான ஆய்வில் இடுப்பு முறிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1 ஆகப் பாதியானது. ஒரே ஸ்கேன் எந்திரம், ஒரே எண். அதனால் டெக்ஸா என்ற அந்த அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்டில் எண் ஏறியதைக் காட்டி "எலும்பு சரியாயிடுச்சு" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. "கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொல்கிறேன்.

---

வார்டு_அக்கா:

நான் நர்ஸ், பச்சிளங்குழந்தைகள் பிரிவு. டாக்டர்கள் பேசும் இடத்தில் நானும் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் துறையின் கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

குறைமாதக் குழந்தைகளுக்கு 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். குழந்தை ரோஜா நிறமாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கண் போனது, ஆக்சிஜன்தான் காரணம் என்று 1953-54-ல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. உடனே ஆக்சிஜனை இறுக்கிக் கட்டுப்படுத்தினார்கள். கண் போவது குறைந்தது. ஆனால் மூச்சுத் திணறி இறக்கும் குழந்தைகள் கூடினார்கள், அதை யாரும் அப்போது எண்ணவில்லை, ஏனென்றால் எல்லோரும் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பது வருடம் கழித்தும் சரியான அளவு எது என்று தெரியாமல்தான் இருந்தோம். 2010-ல் சப்போர்ட் என்ற ஆய்வு வந்தது, 1,316 குழந்தைகள். ஆக்சிஜன் செறிவை 85-89-க்குள் வைப்பதா, 91-95-க்குள் வைப்பதா என்று பார்த்தார்கள். அவர்கள் முதன்மை விளைவாக வைத்தது "இறப்பு அல்லது கடுமையான கண் பாதிப்பு", இரண்டையும் சேர்த்து ஒரே கணக்கு. அதில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதோடு கட்டுரையை மூடியிருந்தால் "எப்படி வைத்தாலும் ஒன்றுதான்" என்று போயிருப்போம். பிரித்துப் பார்த்தால், குறைந்த ஆக்சிஜன் பிரிவில் கண் பாதிப்பு 8.6 சதவீதம், அதிக ஆக்சிஜனில் 17.9. ஆனால் இறப்பு குறைந்த ஆக்சிஜனில் 19.9 சதவீதம், அதிக ஆக்சிஜனில் 16.2. ஒன்று கீழே போக ஒன்று மேலே போக, கூட்டிப் பார்த்ததும் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட்டது. ஒரு குழந்தை இறப்பதும் ஒரு குழந்தைக்குக் கண்ணில் சிகிச்சை தேவைப்படுவதும் ஒன்றா? கண் பாதிப்புக்கு லேசர் சிகிச்சை இருக்கிறது.

அதனால் படிக்கிற டாக்டரம்மாவுக்கு என் வேண்டுகோள்: கட்டுரையில் "இது அல்லது அது அல்லது இன்னொன்று" என்று விளைவுகளைக் கோர்த்திருந்தால் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். இறப்பையும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தங்குவதையும் ஒரே கூடையில் போட்டிருப்பார்கள், உண்மையில் குறைந்திருப்பது ஆஸ்பத்திரி நாள் மட்டுமாக இருக்கும்.

---

மகள்:

நான் மருத்துவத் துறையே இல்லை. தேடிக்கொண்டு வந்ததில் இந்தத் திரி கண்ணில் பட்டது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவியிருந்தது. புது மருந்து ஒன்று இருக்கிறது, அது சேர்த்தால் "ஐந்து மாதம் கூடுதலாகக் கிடைக்கும்" என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். ஐந்து மாதம் அம்மா கூடுதலாக இருப்பார் என்று நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம். அப்பா அந்தக் கணக்கை வைத்துத் தம்பியின் கல்யாணத் தேதியைக்கூடத் தள்ளி வைத்தார். அம்மா போன பிறகுதான், நானாக உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது, அது ஸ்கேனில் நோய் வளராமல் இருக்கும் காலம், உயிரோடு இருக்கும் காலம் இல்லை என்று. டாக்டர் பொய் சொல்லவில்லை. எது கூடுதல் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இங்கே இருக்கும் டாக்டர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். "ஐந்து மாதம்" என்று சொல்லும்போது எந்த ஐந்து மாதம் என்று ஒரு வரி கூடுதலாகச் சொல்லுங்கள். தெரிந்திருந்தாலும் அம்மா ஒருவேளை அந்த மருந்தையே எடுத்திருப்பார். ஆனால் கல்யாணம் முன்னால் நடந்திருக்கும்.

---

எண்ணும்_எழுத்தும்:

மகள், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. மன்னியுங்கள்.

எந்த மருந்து என்று நீங்கள் சொல்லவில்லை, அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் இதே மாதிரி ஒன்று பொதுவெளியில் நடந்திருக்கிறது. பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு பெவாசிசுமாப் மருந்தை 2008-ல் எஃப்டிஏ விரைவு வழியில் அனுமதித்தது, நோய் வளராத காலம் ஐந்தரை மாதம் போலக் கூடியதை வைத்து. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் இன்னும் சிறிதாகிவிட்டது, ஆயுள் கூடியதாக எதிலும் தெரியவில்லை, ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் போன்ற பக்கவிளைவுகள் இருந்தன. 2011 நவம்பரில் அந்த நோய்க்கான அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். வேறு சில புற்றுநோய்களுக்கு அதே மருந்து இன்றும் இருக்கிறது. வைரஸ் வார்டு சொன்ன ஏற்பாட்டில் இரண்டாவது பாதி, "பிறகு முழு ஆய்வை முடித்துக் காட்ட வேண்டும்" என்பது, ஒழுங்காக நடந்தால்தான் முதல் பாதி நியாயம்.

புற்றுநோயில் எல்லாப் பதிலியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பெருங்குடல் புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகு கொடுக்கும் கீமோவில், மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருப்பது ஐந்து வருட ஆயுளை நன்றாகக் காட்டுகிறது என்று 18 ஆய்வுகளின் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தகவலைச் சேர்த்துப் பார்த்து 2005-ல் காட்டினார்கள். ஒரு பதிலியை நம்ப வேண்டுமானால் அந்த அளவுக்கு உழைக்க வேண்டும்.

---

சர்க்கரை_ஓபி:

எல்லோரும் எல்லாத் துறைக்கும் போய்விட்டோம், பிஜி கேட்டது சர்க்கரையைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

ஹெச்பிஏ1சி பொய்யான எண் இல்லை. 1998-ல் வந்த யுகேபிடிஎஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வு, புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டவர்களிடம் பத்து வருடம் நடந்தது. ஹெச்பிஏ1சியை 7.9-க்குப் பதில் 7.0-ல் வைத்ததால் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் கால் பங்கு குறைந்தன. மாரடைப்பில் அப்போது உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆய்வு முடிந்து இன்னும் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த பிறகுதான், 2008-ல், மாரடைப்பும் இறப்பும் குறைந்தது தெரிந்தது. அதே 2008-ல் அக்கார்ட் என்ற ஆய்வு. 10,251 பேர், சராசரி வயது 62, பல வருடச் சர்க்கரை, இதய ஆபத்து அதிகம் உள்ளவர்கள். 6-க்குக் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் 257 பேர் இறந்தார்கள், 7 முதல் 7.9 வரை விட்டவர்களில் 203. இறுக்கிய சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அதே எண், ஆனால் இளைய நோய்க்கு ஒரு பலன், முற்றிய நோய்க்கு வேறு பலன்.

அடுத்தது மருந்து. 2007-ல் ரோசிகிளிட்டசோன் சர்க்கரையைக் குறைத்தாலும் மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்று 42 ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று சந்தேகம் கிளப்பியது. (2013-ல் அமெரிக்காவில் அந்த மருந்தின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள், அதனால் அது குற்றவாளி என்று இன்று அடித்துச் சொல்ல மாட்டேன்.) ஆனால் அந்தச் சர்ச்சையால் ஒரு நல்லது நடந்தது. 2008-லிருந்து புதுச் சர்க்கரை மருந்து என்றால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று காட்ட வேண்டும் என எஃப்டிஏ கேட்டது. கெடுதல் இல்லை என்று காட்டத்தான் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வை நடத்தினார்கள், இதய நோயும் உள்ள 7,020 பேர். 2015-ல் முடிவு வந்தபோது இதய இறப்பு 5.9 சதவீதத்திலிருந்து 3.7 ஆகக் குறைந்திருந்தது. ஆய்வின் முடிவில் ஹெச்பிஏ1சி வித்தியாசம் வெறும் 0.24 முதல் 0.36 வரை. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இதைச் சுமாரான மருந்து என்று தள்ளியிருப்போம்! காஸ்ட் கதையை அப்படியே திருப்பிப் போட்டதுபோல இருக்கிறது. எண் பெரிதாக அசையவில்லை, ஆள் பிழைத்தார்.

உங்கள் பேராசிரியருக்கு என்ன பதில் சொல்வது? "ஆளுக்கு என்ன ஆனது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, சொல்லும்படி அமைக்கப்படவும் இல்லை. இதே வகை மருந்தில் பெரிய ஆய்வு இருக்கிறதா என்று தேடினேன்" என்று சொல்லி, இருந்ததா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆய்வுப் பதிவேட்டில் போய் முதன்மை விளைவு என்று தொடக்கத்தில் எதைப் பதிந்தார்கள், கட்டுரையில் எதைப் பெரிதாகப் போட்டார்கள் என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2005-லிருந்து பெரிய மருத்துவ இதழ்கள் முன்பதிவு இல்லாத ஆய்வை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்ததால் இப்போது இது கால் மணி நேர வேலை.

---

இரண்டாமாண்டு_பிஜி:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வார்டு அக்கா, நீங்கள் எழுதியதுதான் எனக்கு அதிகம் உறைத்தது, "எழுதலாமா" என்று இனி யோசிக்காதீர்கள். மகள், உங்கள் வரியை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பதிவேட்டில் தேடினேன். முதன்மை விளைவு ஹெச்பிஏ1சி என்றுதான் முதலிலிருந்தே இருக்கிறது, மாற்றவில்லை, அதில் ஏமாற்று இல்லை. நான்தான் அது சொல்லாததைச் சொன்னதாகப் பேசியிருக்கிறேன். அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன், இதைச் சொல்லிவிட்டு அக்கார்டையும் எம்பாகிளிஃப்ளோசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறேன்.

தாத்தாவிடம் இன்று காலை போய் உட்கார்ந்து பேசினேன். "சுகர் இறங்கினா கண்ணுக்கும் கிட்னிக்கும் நல்லது தாத்தா, ஆனா அது மட்டும் ஹார்ட் அட்டாக்கைத் தடுத்துடும்னு என்னால சொல்ல முடியாது, பிரஷரும் கொலஸ்ட்ராலும் சேர்த்துப் பார்க்கணும்" என்றேன். தலையாட்டிவிட்டு, "ராத்திரில சில நேரம் வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, அது ஹார்ட்டா?" என்று கேட்டார். அவருடைய ஹெச்பிஏ1சி 6.1. எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், நானும்தான்.

---

சர்க்கரை_ஓபி:

ஜர்னல் கிளப் அப்புறம் இருக்கட்டும். 78 வயதில் 6.1, ராத்திரி வியர்வை, நடுக்கம் என்றால் அது சர்க்கரை தாழ்ந்துபோவதாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்று ராத்திரியே வியர்க்கும்போது விரலில் குத்திப் பார்க்கச் சொல்லி டியூட்டி நர்ஸிடம் எழுதிக் கொடுங்கள், தாழ்ந்திருந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே சரிசெய்யவும் சொல்லுங்கள். ஈசிஜியும் ஒன்று எடுத்துவிடுங்கள், அவர் கேட்ட கேள்வியைத் தள்ளிவிட வேண்டாம். மருந்துச் சீட்டில் சர்க்கரையை அதிகமாகத் தாழ்த்திவிடக்கூடிய கிளிபென்கிளமைடோ, கிளிமிபிரைடோ, இன்சுலினோ இருக்கிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இன்றைக்கே உங்கள் யூனிட் சீஃபிடம் அளவைக் குறைப்பது பற்றிப் பேசுங்கள். இந்த வயதில் வேறு நோய்களும் இருந்தால் ஹெச்பிஏ1சியை 8 வரை விடலாம் என்றே அமெரிக்க நீரிழிவுச் சங்க வழிகாட்டுதலும் சொல்கிறது. அளவு என்ன வந்தது என்று நாளைக்கு இங்கே எழுதுங்கள்.